சின்னச் சம்பவம் என்று செய்தி வந்தால் எதைப் பார்ப்பது?

விடத்தல்தீவிலிருந்து ஒரு வாசகி: "கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஏதோ கோளாறு, உலையை நிற்பாட்டிவிட்டார்கள் என்று வட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. பிறகு 'சிறிய சம்பவம்தான், பயப்பட ஒன்றுமில்லை' என்கிறார்கள். இத்தனை சம்பவம் நடக்கிற இடத்தை எப்படி நம்புவது? என் கணவர் கடற்றொழில் செய்கிறவர். இப்படிச் செய்தி வந்தால் மீன் எடுக்க வருகிறவர்களும் கேள்வி கேட்கிறார்கள்."

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கவலை நியாயமானது. உங்கள் ஊரிலிருந்து கூடங்குளம் நேர்கோட்டில் 250 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். இடையில் மன்னார் வளைகுடாதான். ஆனால் சின்னச் சம்பவங்களை நிறைய அறிவிக்கிற நிலையத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். வருடக்கணக்காக ஒன்றுமே அறிவிக்காத நிலையம் இருந்தால் அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

ஏன் என்பதற்கு ஒரு பழைய சம்பவம்: 1977 செப்டெம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேவிஸ்-பெஸ் நிலையத்தில் ஒரு வால்வு, அழுத்தத்தைக் குறைக்கத் திறந்தது, மூடாமல் சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. மானியோ நீர்மட்டம் ஏறுவதாகக் காட்டியது. அதை நம்பி அவசர நீரேற்றத்தைக் குறைத்தார்கள். உலை அப்போது 9 வீத வலுவில்தான் ஓடியது. ஏறக்குறைய 20 நிமிடத்தில் பிழையைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை. உலையை வடிவமைத்த நிறுவனத்தின் பொறியியலாளர்கள் இதைப் பற்றி எழுதிய எச்சரிக்கைக் குறிப்புகள் அந்த நிறுவனத்துக்குள்ளேயே தங்கிவிட்டன. 18 மாதம் கழித்து, 1979 மார்ச் 28இல், பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்டில் அதே நிறுவனத்தின் உலையில் அதே வகை வால்வு சிக்கியது; இயக்குநர்கள் அதே பிழையை விட்டார்கள். இந்தத் தடவை உலை 97 வீத வலுவில் ஓடிக்கொண்டிருந்தது, வால்வு 2 மணி நேரத்துக்கு மேல் திறந்தே கிடந்தது. கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்த விளக்கு அணைந்திருந்ததால் வால்வு மூடிவிட்டது என்று நினைத்தார்கள். அந்த விளக்கு காட்டியது மூடச் சொல்லிக் கட்டளை போனதை மட்டும்தான். மூடியதா என்று அது காட்டாது. எரிபொருளில் ஏறக்குறையப் பாதி உருகியது. முதல் சம்பவத்தின் பாடம் மற்ற நிலையங்களின் இயக்குநர்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால் இது நடந்திருக்க வேண்டியதில்லை.

அதனால்தான் இன்று நல்ல நிலையங்களில் வேலை செய்கிற யாரும், ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, கண்ணில் பட்டதை எழுதிக் கொடுக்கலாம். திருத்த வேலை முடிந்தபின் வால்வு தவறான நிலையில் விடப்பட்டது, சோதனையில் டீசல் மின்பிறப்பாக்கி இயங்க மறுத்தது, தீத்தடுப்புக் கதவு திறந்து கிடந்தது, சப்பாத்தில் கதிரியக்கத் தூசி ஒட்டியிருந்தது: எல்லாமே அறிக்கைக்கு உரியவை. நேரம், இடம், கருவியின் இலக்கம், அப்போது உலை எந்த நிலையில் இருந்தது, உடனே என்ன செய்யப்பட்டது என்பன இருக்க வேண்டும். "யார் பிழை" என்று முதல் வரியிலேயே கேட்டால் அடுத்த அறிக்கை வராது; இந்த அறிக்கை முறை பழுதாவது பெரும்பாலும் அங்கேதான். எழுதியதை அந்த நேர வேலைமுறையின் பொறுப்பாளர் உடனே பார்த்து, உலையைத் தொடர்ந்து ஓட்டலாமா என்று தீர்மானிப்பார். பிறகு தரம் பிரித்து, காரணம் தேடி, திருத்த ஒருவரையும் ஒரு திகதியையும் குறிப்பார்கள். பெரிய நிலையத்தில் இப்படி ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் சேரும். அவற்றில் மிகச் சிலதான் அரசின் கண்காணிப்பு அமைப்புக்குப் போக வேண்டியவை. அமெரிக்காவில் சம்பவத்தின் தன்மையைப் பொறுத்து 1, 4 அல்லது 8 மணி நேரத்துக்குள் தொலைபேசியில் சொல்ல வேண்டும். எழுத்து அறிக்கைக்கு 60 நாள்.

இந்தியாவில் இதைக் கண்காணிப்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அதன் ஆண்டறிக்கையில் சம்பவங்களின் தரம் இருக்கும். INES என்ற சர்வதேச அளவுகோலின்படி தரம் 0 முதல் 7 வரை. 1 முதல் 3 வரை சம்பவம், 4இலிருந்து விபத்து. ஒவ்வொரு படியும் முந்தியதை விட ஏறக்குறைய 10 மடங்கு கடுமை. செர்னோபில், புகுஷிமா இரண்டும் 7. 1993இல் இந்தியாவின் நரோராவில் டர்பைன் மண்டபம் தீப்பிடித்தபோது கதிரியக்கம் வெளியேறவில்லை, ஆனாலும் தரம் 3 கொடுத்தார்கள். நிலையத்தின் மின்சாரமே போய்ப் பாதுகாப்பு அடுக்குகள் பல ஒரேயடியாகக் கைவிட்டதால்.

அடுத்த தடவை செய்தி வரும்போது முதலில் தரம் என்ன என்று பாருங்கள். பிறகு எந்த நீர் கசிந்தது என்று பாருங்கள். கூடங்குளத்தில் மூன்று சுற்று: உலையைத் தொடுகிற நீர், டர்பைனைச் சுழற்றும் நீராவி, அதைக் குளிர்விக்கும் கடல்நீர். கதிரியக்கம் முதல் சுற்றில்தான். இரண்டாவதில் குழாய் வெடித்தால் தொழிலாளி வெந்துபோகலாம், அது பெரிய துயரம்தான், உங்கள் கடலுக்கு ஆபத்தில்லை. "உலை நின்றது" என்பது மட்டும் செய்தி என்றால், எரிபொருள் மாற்றவோ டர்பைன் திருத்தவோ நிறுத்தியிருக்கலாம். தானாக நின்றிருந்தால் பாதுகாப்பு ஏற்பாடு வேலை செய்திருக்கிறது. ஏன் நின்றது என்று மட்டும் கேளுங்கள்.

சொல்கிறவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 2019 ஒக்ரோபரில் கூடங்குளத்தின் கணினியில் தீங்கு மென்பொருள் புகுந்ததாகச் செய்தி வந்தது. முதலில் மறுத்தார்கள். மறுநாளே நிர்வாக வலையமைப்பில் அது இருந்ததை ஒப்புக்கொண்டார்கள். உலையை இயக்கும் கணினிகள் தனியானவை என்றும் சொன்னார்கள். முதல் நாளே அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். அந்த மறுப்பு மக்களின் நம்பிக்கையில் விழுந்த அடி, அதைக் குறை சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இலங்கைக்குத் தெரிவிக்கும் கடமை பற்றி: அணு விபத்தை உடனே தெரிவிப்பதற்கான 1986இன் முன்னறிவிப்பு உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருக்கின்றன. ஆனால் எல்லை தாண்டிக் கதிரியக்கம் வரக்கூடிய விபத்துக்குத்தான் அது கட்டாயம். தரம் 0, 1 சம்பவங்களை அது பிடிக்காது.

மீன் வாங்க வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: சுற்றுவட்டார உணவுக்குக் கட்டுப்பாடு தேவைப்படலாம் என்று அந்த அளவுகோல் பேசுவதே தரம் 4இல்தான். தரம் 1 என்ற செய்திக்காக ஒரு கிலோ மீனையும் திருப்பி அனுப்பத் தேவையில்லை. உண்மையிலேயே எச்சரிக்கை வந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள். உப்பை அள்ளிச் சாப்பிடச் சொல்லி யாராவது அனுப்பினால் கேட்காதீர்கள். அயடீன் உப்பில் இருக்கிற அளவு தைரொய்ட்டைக் காக்கப் போதாது, அந்தளவு உப்புத்தான் உடம்பைக் கெடுக்கும்.