எல்லோரும் ‘அருமை’ என்கிறார்கள், வருவதற்குத்தான் ஆள் இல்லை

கேள்வி: எனக்கும் என் கணவருக்கும் ஐம்பதை நெருங்கும் வயது. ஏழெட்டுக் குடும்பங்கள் ஒரே இடத்தில் சேர்ந்து வாழ வேண்டும், தனித்தனியாகச் சின்ன வீடுகள், நடுவில் ஒரு பொதுச் சமையலறை, ஒரு தோட்டம் என்பது எங்கள் நெடுநாள் ஆசை. நான்கு வருடமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறோம். எல்லோரும் ‘அருமையான யோசனை’ என்கிறார்கள். அடுத்த அடி எடுத்து வைக்க ஒருவரும் இல்லை. எங்களைப் போலவே நினைக்கிறவர்களை எங்கே போய்த் தேடுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: ஆசையை மட்டும் சொன்னால் ‘அருமை’ என்றுதான் சொல்வார்கள், வேறென்ன சொல்ல முடியும்? ‘சரி, வருகிறேன்’ என்றோ ‘எனக்கு ஒத்துவராது’ என்றோ சொல்கிற அளவுக்கு எதையும் நீங்கள் இன்னும் அவர்கள் முன் வைக்கவில்லை என்று தோன்றுகிறது.

டென்மார்க்கில் யான் குட்மன்ட் ஹோயர் என்று ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார். 1964ல் நண்பர்கள் சிலரோடு உட்கார்ந்து, கிட்டத்தட்ட நீங்கள் சொல்கிற மாதிரியே ஒரு குடியிருப்புக்குத் திட்டம் போட்டார். இடமும் வாங்கினார்கள். அக்கம்பக்கத்தார் எதிர்த்ததால் விற்றுவிட வேண்டியதாயிற்று. 1968ல் அவர் தன் யோசனையை ஒரு நாளிதழில் கட்டுரையாக எழுதினார். அதற்கு முந்தைய வருடம் போடில் கிராஏ என்ற பெண்மணி, குழந்தைகளுக்கு நூறு பெற்றோர் வேண்டும் என்று எழுதியிருந்தார். இரண்டையும் படித்தவர்கள் தாங்களாகவே தேடி வந்தார்கள். 1972ல் சேட்டெடாமென் என்ற இடத்தில் 27 குடும்பங்கள் குடியேறின. அடுத்த வருடமே குட்மன்ட் ஹோயரின் குழுவும் ஸ்க்ரோப்லானெட்டில் குடியேறிவிட்டது. முன்பின் தெரியாதவர்கள்கூட எழுத்தைப் படித்துவிட்டு வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் இதில் உங்களுக்கு வேண்டிய செய்தி.

ஆகவே முதலில் ஒரு பக்கம் எழுதுங்கள். எத்தனை வீடு, ஒரு குடும்பம் எவ்வளவு பணம் போட வேண்டும், நிலம் யார் பெயரில் இருக்கும், வாரத்துக்கு எத்தனை வேளை சேர்ந்து சாப்பாடு, பொது வேலைக்கு எத்தனை மணி நேரம், எந்த வருடத்துக்குள் குடிபோவது, எதை உங்களால் ஏற்கவே முடியாது. படித்துவிட்டுப் பலர் விலகிக்கொள்வார்கள். விலகட்டும். ‘நான்காவது வரியில் எனக்கு உடன்பாடில்லை’ என்று ஒருவர் பதில் எழுதினால் அவரைத்தான் முதலில் போய்ப் பாருங்கள். அவர் உண்மையிலேயே அங்கே வாழ்வதைப் பற்றி யோசித்திருக்கிறார்.

ஒத்த மனது என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஒரு வலி உண்டு. நாங்கள் ஐந்து குடும்பங்கள் ஆறு வருடம் ஒரே வளாகத்தில் வாழ்ந்தோம். படித்த புத்தகம், நம்பிய கொள்கை, பிள்ளை வளர்க்கிற விதம், எல்லாவற்றிலும் ஒரே பேச்சு. பொதுச் சமையலறையில் குழாய்க்கு மேலே ஒரு ஆணியில் நோட்டுப்புத்தகம் தொங்கும், நூலில் கட்டிய பென்சிலோடு. பாத்திரம் தேய்த்தவர் தேதி போட்டுப் பெயர் எழுத வேண்டும். மூன்றாவது வருடம் ஒரு மத்தியானம் சும்மா புரட்டிப் பார்த்தேன். ஈரம் பட்டு ஊதிப்போன தாள்களில் பக்கம் பக்கமாக ஒரே கையெழுத்து. இடையிடையே இரண்டு, மூன்று வேறு கையெழுத்து, அவ்வளவுதான். அந்தப் பெண் ஒரு நாளும் வாய் திறந்து குறை சொன்னதில்லை. அதைப் பார்த்த பிறகும் நான் போய்க் கேட்கவில்லை.

அப்புறம் அவர்கள் குடும்பம் கிளம்புவதாகச் சொன்னது. போட்ட பணத்தை எப்படித் திருப்பித் தருவது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. பதினாலு மாதம் அந்தப் பேச்சிலேயே கழிந்தது. கடைசியில் வளாகத்தை விற்றுத்தான் பங்கைப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. கொள்கைச் சண்டை எங்களுக்குள் ஒன்றுகூட வரவில்லை. இன்றைக்கும் நினைத்தால் மனசு கனக்கிறது.

காந்தியின் டால்ஸ்டாய் பண்ணையை நினைத்துப் பாருங்கள். 1910ல் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தியின் நண்பர் ஹெர்மன் காலன்பாக் வாங்கிய சுமார் 1,100 ஏக்கர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி என்று எல்லோரும் இருந்தார்கள். தமிழ், தெலுங்கு, குஜராத்தி எல்லாம் கேட்கும். சமையலறை ஒன்றுதான். போராட்டத்தில் சிறை சென்றவர்களின் குடும்பங்கள் தங்க ஓர் இடம் வேண்டும் என்கிற ஒரு தேவை அவர்களைச் சேர்த்து வைத்திருந்தது. அங்கே யார் என்ன வேலை செய்வது என்பதில் குழப்பம் இல்லை.

இதற்கு நேர்மாறு, 1825ல் ராபர்ட் ஓவன் என்ற பிரிட்டிஷ் ஆலை முதலாளி அமெரிக்காவில் தொடங்கிய நியூ ஹார்மனி என்ற கூட்டுக் குடியிருப்பு. கட்டி முடித்த ஊரையே விலைக்கு வாங்கி, விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். கொஞ்ச நாளிலேயே நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தார்கள். 1827க்குள் கலைந்துவிட்டது. ஆனால் அதே அமெரிக்காவில், வர்ஜீனியாவில் 1967ல் எட்டுப் பேர் தொடங்கிய ட்வின் ஓக்ஸ் என்ற கூட்டுக் குடியிருப்பு இன்றும் நடக்கிறது. அங்கே சேர விரும்புகிறவர் முதலில் மூன்று வாரம் தங்கி எல்லா வேலையும் செய்ய வேண்டும். பிறகு கிளம்பிவிட வேண்டும். அவர் போன பிறகுதான் இருப்பவர்கள் பேசி முடிவு செய்வார்கள். யோசிப்பதற்கு அவருக்கும் அவகாசம் கிடைக்கிறது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

நீங்களும் நிலம் தேடும் முன்பே, உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு வருகிற இரண்டு, மூன்று குடும்பங்களோடு ஒரு வாடகை வீட்டில் பத்து நாள் இருந்து பாருங்கள். பொதுப் பணம் ஒரே டப்பாவில் இருக்கட்டும். சுற்றுலா மாதிரி ஆகிவிடக் கூடாது, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல உடம்பு நோகிற வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது நாள் களைப்பில் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். ‘இன்று என்னால் முடியாது, நாளை செய்கிறேன்’ என்று சொல்லிவிட்டு மறுநாள் வந்து செய்கிறவர் உங்களுக்கு வேண்டியவர். எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு தானே இழுத்துப் போட்டுச் செய்கிறவரிடம் அன்று சாயங்காலமே போய் உட்கார்ந்து பேசுங்கள். நான் பேசாமல் விட்டதைச் சொல்லிவிட்டேன்.

கேள்வி: நாங்கள் பதினோரு பேர் நிலம் வாங்கிவிட்டோம். எல்லோரும் சம்மதித்தால்தான் முடிவு என்பது எங்கள் விதி. ஒரே ஒரு நண்பர் எதற்கும் சம்மதிக்க மாட்டேன் என்கிறார். நல்ல மனிதர்தான். என்ன செய்வது?
- ஒரு வாசகர்

பதில்: உங்கள் விதியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். நெதர்லாந்தில் கேஸ் பூகே என்ற கல்வியாளர், க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கூடி முடிவெடுக்கும் முறையைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். அவரிடம் படித்த ஹெரார்ட் எண்டன்பர்க் பிறகு தன் மின்பொறியியல் நிறுவனத்தில் அதை வளர்த்தெடுத்தார். அங்கே ‘உனக்குப் பிடித்திருக்கிறதா’ என்று கேட்பதில்லை. ‘இதைச் செய்தால் நம் பொது நோக்கத்துக்குக் கேடு வருமா, வரும் என்றால் எப்படி’ என்று கேட்கிறார்கள். காரணம் சொன்னால் அதற்கேற்பத் திட்டத்தைத் திருத்துகிறார்கள். காரணம் இல்லை என்றால் வேலை நடக்கும். முடிவுக்கு ஒரு தேதியும் போடுங்கள், ஆறு மாதம் நடத்திப் பார்த்துவிட்டு மறுபடி பேசலாம் என்று. என்றென்றைக்கும் என்றால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

அவரைத் தனியே சந்தித்து, நிலம் வாங்கியதில் அவருக்கு முழு மனது இருந்ததா என்றும் கேளுங்கள். இல்லை என்றால், அவர் கௌரவமாக விலக என்ன வழி என்பதை இப்போதே எழுத்தில் வையுங்கள். வீடு கட்டிய பிறகு அது ரொம்பக் கஷ்டம்.

கேள்வி: ஒரு குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்?
- ஒரு வாசகி

பதில்: வட அமெரிக்காவில் ஹட்டரைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தலைமுறை தலைமுறையாகப் பொதுச் சொத்தோடு வாழ்கிறார்கள். ஒரு குடியிருப்பில் ஏறக்குறைய 150 பேர் சேர்ந்ததும், வேறு இடத்தில் நிலம் வாங்கி இரண்டாகப் பிரிந்துகொள்வார்கள். இது மேல் எல்லை. கீழ் எல்லையை என் அனுபவத்தில் சொல்கிறேன்: ஐந்து குடும்பம் போதாது. ஒரு குடும்பம் கிளம்பினால் மற்றவர்களால் அந்தப் பங்கைத் தாங்க முடிய வேண்டும். எட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.