மகளிர் சுயஉதவிக் குழுவில் சேர்ந்தால் கடனைத் தவிர வேறென்ன பயன்?

கடன் பின்னால் வருவது, முதலில் சேமிப்பு. தமிழ்நாட்டில் இந்தக் குழு முறை 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது. ஒரு குழுவில் 12 முதல் 20 பேர். ஒவ்வொரு கூட்டத்திலும் சிறு தொகை கட்டுவார்கள், அதிலிருந்தே உறுப்பினர்களுக்குக் கடன். வட்டியும் குழுவுக்கே திரும்பும், கந்துவட்டிக்காரர் கைக்குப் போகாது. கணக்கு ஒழுங்காக இருந்தால் வங்கி ஈடு கேட்காமல் கடன் தரும். ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1992-ல் தொடங்கிய, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டம்தான் அதற்கு வழி செய்தது.

ஆனால் என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது தீர்மான நோட்டுதான். யாருக்கு, எதற்குக் கடன் என்று எல்லார் முன்னாலும் பேசி, எழுதி, கையெழுத்து வாங்குவார்கள். அதுவரை கைநாட்டு வைத்த என் அம்மா, முதன்முதலாகத் தன் பெயரை எழுதியது அந்த நோட்டில்தான். பேனாவை அழுத்திய அழுத்தத்தில் அடுத்த பக்கம் வரை தடம் விழுந்திருந்தது. பிறகு வங்கிக்குத் துணையில்லாமல் போய்வர ஆரம்பித்தார்.

சேரும் முன் ஒன்றைப் பாருங்கள். தனியார் நுண்கடன் நிறுவனங்களும் பெண்களைக் குழுவாகச் சேர்க்கின்றன. அங்கே பொதுச் சேமிப்பு இருக்காது, தவணை மட்டும்தான். இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.