மறு: சென்னை சாந்தோமுக்கு வந்து மூன்று மாதம், பேராலயத்தில் யாரையும் தெரியவில்லை
சகோதரி, மூன்று மாதமாகியும் ஒருவரும் பேசவில்லை, ஞாயிறு காலை ஷிஃப்ட்டால் திருப்பலியும் தவறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனது கனத்தது.

ஷிஃப்ட்டுக்கு வழி இருக்கிறது. சனி மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலே ஞாயிறு திருப்பலிக் கடன் நிறைவேறிவிடும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 1248ஆம் எண் இதைத்தான் சொல்கிறது. குற்ற உணர்வே வேண்டாம்.

யாரும் பேசாததற்குக் காரணம் வெறுப்பல்ல. அது, மரபுப்படி, இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறைமேல் எழுந்த கோயில். திருப்பயணிகளும் சுற்றுலா வருபவர்களும் ஓயாமல் வந்துபோகிற இடத்தில், பக்கத்தில் முழங்காலிடுபவர் உங்களையும் அப்படி ஒருவர் என்றே நினைப்பார். அதனால் பூசை முடிந்து வாசலில் காத்து நிற்காதீர்கள். பங்கு அலுவலகத்துக்குப் போய்ப் பெயரைப் பதியுங்கள், "எங்கள் தெரு எந்த அன்பியம்?" என்று கேளுங்கள். சொந்த ஊர்ப் பங்குத்தந்தையின் (அந்தக் கோயில் பொறுப்புக் குருவின்) கடிதம் கையில் இருந்தால் நல்லது.

அன்பியம் என்பது அக்கம்பக்கத்து வீடுகள் முறைவைத்துக் கூடி, விவிலியம் வாசித்துச் செபிக்கிற சிறு கூட்டம். நான் புது ஊரில் தனியாக இருந்தபோது என்னைத் தாங்கியது அதுதான். முதல் நாள் செபமாலை முடிந்ததும் சுண்டல் கிண்ணத்தை நீட்டிய ஓர் அம்மா, அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுத் தூக்குவாளியில் கஞ்சியோடு வந்து நின்றார். மூடியைத் திறந்தால் பூண்டு மணம்.

பாட வருமென்றால் பாடகர் குழுவிலும் கேளுங்கள். ஜூலை 3 தோமையார் திருவிழா நெருங்கும்போது எல்லா வேலைக்கும் ஆள் தேவைப்படும். தயங்காமல் போய் நில்லுங்கள்.