இருக்கிற நைட்டியைத் தூக்கிப் போட வேண்டாம்

கேள்வி: மேடம், நாங்கள் மதுரை வில்லாபுரத்தில் குடியிருக்கிறோம். வீட்டில் நான்கு பேர். பிளஸ் டூ படிக்கும் மகள், "பாலியெஸ்டர் கூடாது, ஆர்கானிக் காட்டன்தான் எடுக்கணும், மட்டனை நிறுத்தணும், அரிசியைக் குறைக்கணும்" என்று தினமும் பிடுங்கி எடுக்கிறாள். ஆர்கானிக் கடையில் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. தீபாவளித் துணியும் எடுக்க வேண்டும். மாதச் செலவைக் கூட்டாமல் எதை முதலில் மாற்றலாம்?

பதில்: உங்கள் மகள் சொல்வது பெரும்பாலும் சரிதான். வரிசைதான் தப்பு. பூமிக்கு நல்லது செய்கிறேன் என்று கடைக்குப் போய்ப் புதுச் சாமான் வாங்கி ஆரம்பித்தால் காசும் போகும், பெரிய பலனும் இருக்காது. வீட்டில் ஏற்கெனவே இருப்பது எவ்வளவு காலம் உழைக்கிறது, எவ்வளவு குப்பைக்குப் போகிறது என்பதில்தான் ஆரம்பிக்க வேண்டும். அதில் மிச்சமாகும் பணத்தை வைத்துக்கொண்டு அப்புறம் நல்ல துணியையும் தானியத்தையும் பார்க்கலாம்.

துணியை முதலில் எடுத்துக்கொள்வோம். பாலியெஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருவது. துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் அதிலிருந்து உதிர்ந்து சாக்கடைத் தண்ணீரோடு போகின்றன. பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஆறு கிலோ துணியை ஒரு முறை மெஷினில் போட்டால் பாலியெஸ்டரிலிருந்து சுமார் 5 லட்சம் இழைகள் உதிரலாம். பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த துணியில் இது சுமார் 1.4 லட்சம்தான்.

இதைப் படித்துவிட்டு அலமாரியில் இருக்கும் பாலியெஸ்டர் நைட்டியை எல்லாம் கட்டி வெளியே வைத்துவிடாதீர்கள். அவை செய்யப்பட்டாகிவிட்டது, அதற்கான எண்ணெயும் எரிந்தாகிவிட்டது. தூக்கிப் போட்டால் உங்கள் பக்கத்து வெள்ளக்கல் குப்பைக் கிடங்கில் ஒரு மூட்டை கூடும், அவ்வளவுதான். அதோடு, புதுத் துணிதான் முதல் சில சலவைகளில் அதிகமாக இழை விடும். பழையதைக் கிழியும் வரை உடுத்துங்கள். மெஷினை அரைகுறையாக ஓட்டாமல் நிறையத் துணி சேர்ந்த பிறகு, பச்சைத் தண்ணீரில், குறைந்த நேரத்துக்கு ஓட்டினால் உதிர்வது குறையும். பிள்ளைகளின் டெரிகாட்டன் யூனிஃபார்மைப் பற்றிக் கவலையே வேண்டாம். வருஷம் முழுக்கத் தாங்கும் துணி அது.

இனி வாங்கப்போகும் துணியில்தான் கவனம் வேண்டும். கடையில் எதைக் கேட்டாலும் "ப்யூர் காட்டன்க்கா" என்பார்கள். "காட்டன் சில்க்" என்ற பெயரில் வருகிற புடவைகளில் பருத்தியும் இல்லாமல் பட்டும் இல்லாமல் போவது உண்டு. வீட்டுக்கு வந்ததும் உள்தையலிலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, அகல் விளக்கில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம் வரும், விரலில் தேய்த்தால் சாம்பல் பொடியாக உதிரும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, முனையில் கறுப்பாகக் கெட்டியான உருண்டை நிற்கும். சூடு ஆறிய பிறகு தொட்டுப் பாருங்கள், மணி மாதிரி இருக்கும். பட்டு என்றால் முடி கருகிய நாற்றம். கலப்பாக இருந்தால் சாம்பலும் வரும், நடுவே கட்டியும் தட்டுப்படும்.

இந்தச் சோதனையில் ரேயான் மட்டும் தப்பித்துவிடும். அது மரக்கூழிலிருந்து செய்வது என்பதால் பருத்தி மாதிரியே எரியும். அதற்கு வேறு வழி இருக்கிறது. நூலை நாக்கில் நனைத்து இழுங்கள். ரேயான் ஈரம் பட்டால் சட்டென்று அறும், பருத்தி ஈரத்தில் இன்னும் உறுதியாகும். குர்த்தி வாங்கும் பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். நாலு சலவையில் ரேயான் குர்த்தி தொய்ந்துபோவது ஏன் என்று புரியும்.

பருத்தி என்றாலே குற்றமில்லாதது என்றும் நினைக்க வேண்டாம். ஒரு டி-ஷர்ட்டுக்கான பருத்தியை விளைவித்து முடிக்க 2,700 லிட்டர் தண்ணீர் என்று ஒரு கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. அது உலக சராசரி. நம் தெற்கே கரிசலில் மழையை மட்டும் நம்பி விளையும் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தியின் கதையே வேறு. சாயம் இன்னொரு தலைவலி. நொய்யல் ஆறு கெட்டுப்போனதால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது நினைவிருக்கும். "ஆர்கானிக்" என்று மட்டும் போட்டிருந்தால், பருத்தி எப்படி விளைந்தது என்பதுதான் அதில் தெரியும். ஜி.ஓ.டி.எஸ். என்ற சர்வதேச ஆர்கானிக் துணித் தர முத்திரை இருந்தால் சாயத்துக்கும் கழிவுநீருக்கும் சேர்த்து விதி உண்டு. உங்கள் பட்ஜெட்டுக்கு அதைத் தேடி அலையச் சொல்ல மாட்டேன். பத்து தடவை உடுத்தி ஒதுக்கும் ஆர்கானிக் துணியைவிட ஐந்து வருஷம் உடுத்தும் சாதாரணப் பருத்தி எவ்வளவோ மேல்.

சரி, அடுப்படிக்கு வருவோம். செலவே இல்லாமல் செய்யக்கூடியது இங்கேதான் அதிகம்.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் தந்த மதிப்பீட்டில், இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாகிறது. தோல், கொட்டை எல்லாம் சேர்த்துத்தான். நான்கு பேருக்கு 220 கிலோ. விளைவிக்கச் செலவான தண்ணீர், உரம், டீசல் போனது போக, கிடங்கில் மூடிக்கிடந்து அழுகும்போது பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வேறு வருகிறது. ஒரு வாரம் மட்டும் குப்பைக்குப் போகும் உணவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மூன்றுதான் திரும்பத் திரும்ப வரும்: ராத்திரிச் சோறு, வாடிய கீரை, புளித்த மாவு. மாவுக்கு ஊத்தப்பமும் பணியாரமும் இருக்கின்றன. கீரையை அன்றன்றைக்கு வாங்குங்கள். சோற்றுக்கு அளக்கும் அரிசியைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள், பற்றாவிட்டால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை.

மிஞ்சினாலும் வீணாக்க வேண்டியதில்லை. ஆறியதும் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழைய சோறு. வெயில் காலத்தில் சோற்று வடகம். சோற்றோடு உப்பு, பச்சை மிளகாய், சீரகம் சேர்த்து அரைத்து, மாடியில் பழைய வேட்டியை விரித்துக் கிள்ளி வையுங்கள். வேட்டி பருத்தியாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். மேலே காய்ந்ததும் துணியைத் திருப்பிப் போட்டு முதுகுப் பக்கம் தண்ணீர் தெளித்தால், ஈரம் ஊறி வடகம் உடையாமல் உரிந்து வரும். பாலியெஸ்டர் வேட்டியில் தண்ணீர் உருண்டு ஓடும், வடகமும் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும்.

மட்டன் விஷயத்தில் மகள் பக்கம்தான் நான். அடியோடு நிறுத்தச் சொல்லி மதுரையில் ஒருவர் எழுதினால் யார் கேட்பார்கள்? ஆனால் அசை போடும் பிராணிகளின் வயிற்றிலிருந்து மீத்தேன் வருவது உண்மை. உலக சராசரியில் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ ஆட்டுக்கறியின் பாதிப்பு கோழிக்கறியைப் போல் சுமார் நான்கு மடங்கு, பயறு பருப்பைப் போல் இருபது மடங்குக்கும் மேல். தரிசில் மேய்ந்து வளரும் நம் ஊர் ஆட்டுக்கு அந்தச் சராசரி அப்படியே பொருந்தாமல் போகலாம், வரிசை மாறாது. அரைக் கிலோ வாங்கும் வீட்டில் கால் கிலோ எலும்போடு வாங்கி முருங்கைக்காய், மொச்சை போட்டுக் குழம்பு வைத்தால் ருசி குறையாது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு முட்டைக் குழம்போ கண்மாய் மீனோ வைக்கலாம். மேலூர்ப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன் மலிவாகவும் வரும்.

அரிசியைப் பொறுத்தவரை, தண்ணீர் தேங்கிய வயலில் மண்ணுக்குக் காற்று கிடைக்காமல் மீத்தேன் உண்டாகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலை இடையிடையே காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சி விளைவித்தால் தண்ணீரும் மீத்தேனும் குறையும், ஆனால் கடையில் மூட்டையைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே வாரத்தில் இரண்டு வேளை மட்டும் மாற்றுங்கள். பேரையூர், டி.கல்லுப்பட்டி வட்டாரத்தில் மானாவாரியாக விளையும் குதிரைவாலி இருக்கிறது. அரைமணி நேரம் ஊற வைத்து, ஒன்றுக்கு இரண்டரைத் தண்ணீர் வைத்தால் தயிர்ச்சாதத்துக்கும் பொங்கலுக்கும் நன்றாக வரும். அரிசியைவிட விலை கூடத்தான். அதனால் மற்றொரு வேளைக்குக் கம்பையோ கேழ்வரகையோ வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள், தவிடு நீக்காத சிறுதானியம் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.

காய்கறி தூரத்திலிருந்து வருவதைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். உணவு சார்ந்த பாதிப்பில் போக்குவரத்தின் பங்கு, பரவலாகச் சொல்லப்படும் ஒரு கணக்குப்படி, உலக அளவில் சுமார் 6 சதவீதம்தான். விமானத்தில் வருவதை மட்டும் தவிர்த்தால் போதும். அண்ணா நகர் உழவர் சந்தைக்கு (1999-இல் தமிழகத்தில் முதலில் திறந்தது அதுதான்) போகச் சொல்வது புதிதாகவும் மலிவாகவும் கிடைக்கும் என்பதற்காக. வில்லாபுரத்திலிருந்து அதற்கென்று தனியாக வண்டி எடுத்துப் போவதாக இருந்தால் வேண்டாம், தெருவில் வரும் தள்ளுவண்டியே நல்லது. அப்புறம், கல்யாண வீடுகளில் தருகிற மொறமொறப்பான தாம்பூலப் பை பல சமயம் துணியே இல்லை, பிளாஸ்டிக். சந்தேகம் இருந்தால் அகல் விளக்கு இருக்கிறதே.

கடைசியாகத் தீபாவளி. எடுக்கலாம், ஆளுக்கு ஒன்று. கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதத் தள்ளுபடி தருவது வழக்கம். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரை வேட்டிக்கு மாறிய மேலமாசி வீதி வீட்டில் இன்று கதர் கடை நடக்கிறது, உங்கள் வீட்டுக்காரருக்குச் சட்டை அங்கே பார்க்கலாம். உங்களுக்குச் சுங்குடி எடுப்பதானால், கையால் முடிச்சுப் போட்டதா அச்சா என்று கேளுங்கள். முடிச்சுப் போட்டதில் புள்ளிகள் அச்சடித்த மாதிரி ஒரே சீராக இருக்காது, விலையும் கூடும். அச்சுச் சுங்குடியும் பருத்திதான், தினசரி உடுத்த அது போதும். முதல் இரண்டு சலவையைத் தனியாகப் போட்டு நிழலில் காய வையுங்கள். மகளுக்குச் சுடிதார் தைக்கக் கொடுக்கும்போது பக்கவாட்டில் ஒன்றரை அங்குலம் உள்ளே துணி விடச் சொல்லுங்கள். கல்லூரிக்குப் போகும்போது பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.