வாசகர் கேள்வி – பதில்: வீட்டுக்கே வரும் சேலைன்

‘எனர்ஜி டிரிப்’, ‘வெல்னஸ் டிரிப்’ என்ற பெயர்களில் வீட்டுக்கே வந்து ஏற்றும் விட்டமின் சேலைன் பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம்.

வீட்டுக்கு வந்து டிரிப் ஏற்றுவதாக ஒருவர் சொல்கிறார். என்ன செய்வார்கள், எவ்வளவு நேரம் எடுக்கும், நான் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, பண்டாரவளை

போத்தலில் இருப்பது பெரும்பாலும் 500 மில்லிலீற்றர் நோர்மல் சேலைன். தண்ணீரும் அதில் கரைந்த நாலரை கிராம் உப்பும்தான். அதற்குள் பி கொம்ப்ளெக்ஸ், விட்டமின் சி, சில வேளை மக்னீசியம் கலப்பார்கள். மஞ்சள் நிறத்தைத் தருவது விட்டமின் பி2. அதே மஞ்சள் சிறிது நேரத்தில் சிறுநீரில் இறங்கும். உடலுக்குத் தேவைப்படாதது வெளியே போகிறது என்பதுதான் அதன் அர்த்தம்.

ஊசியை உறையிலிருந்து எடுக்கும் முன்பே நடக்க வேண்டியவை பல. உங்களைப் பார்த்த வைத்தியர் ஒருவர் எழுதிய மருந்துச் சீட்டு இருக்க வேண்டும். வருபவர் பிரஷர், நாடி, உடல் வெப்பம், சீனி ஆகியவற்றை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இதயப் பலவீனம், சிறுநீரக நோய், கால் வீக்கம், கட்டுப்படாத பிரஷர், கர்ப்பம் இவற்றில் ஒன்று இருந்தாலும், உங்களை வழமையாகப் பார்க்கும் வைத்தியரைக் கேட்காமல் ஏற்றக் கூடாது. விட்டமின் சியை கிராம் கணக்கில் ஏற்றுவதாகச் சொன்னால் ஜீ6பீடீ என்ற நொதிக்கான இரத்தப் பரிசோதனை செய்தீர்களா என்று கேளுங்கள். அந்த நொதி குறைந்தவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கும் இது ஆகாது. சீனி வருத்தக்காரர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கூடுதல் விட்டமின் சி ஏறியபின் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் மீற்றர் சில, இல்லாத சீனியை இருப்பதாகக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் ஆபத்து.

போத்தலின் உறை உங்கள் கண் முன்னே பிரிக்கப்பட வேண்டும். திகதியைப் பாருங்கள், அழுத்திக் கசிவு பாருங்கள், வெளிச்சத்தில் பிடித்துத் தூசி, கலங்கல் பாருங்கள். ‘மருந்தை அங்கேயே கலந்துகொண்டு வந்துவிட்டேன்’ என்றால் திருப்பி அனுப்பிவிடலாம். எங்கே, எந்தக் கையால், எப்போது கலந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஸ்பிரிட் தடவியதும் அது காயும்வரை, ஏறக்குறைய அரை நிமிடம், பொறுக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும், கிருமியும் சாகாது. துடைத்த இடத்தை விரலால் மறுபடி தடவி நரம்பு தேடினால் மறுபடி துடைக்க வேண்டும். அவசரக்காரர்கள் தவறவிடும் இடம் இதுதான். வயது வந்தவருக்கு நீல நிற 22ஆம் இலக்க அல்லது இளஞ்சிவப்பு 20ஆம் இலக்கக் கெனுலா (நரம்புக்குள் விடும் மெல்லிய குழாய்) போதும். அதற்குள் 5 மில்லிலீற்றர் சேலைனைத் தள்ளிப் பார்த்து, வலியோ வீக்கமோ இல்லை என்றால்தான் போத்தலைக் கொழுவ வேண்டும்.

போத்தல் உங்கள் நெஞ்சு மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்திலாவது தொங்க வேண்டும். அலுமாரிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு நீங்கள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தால் இரத்தம் குழாய்க்குள் திரும்பி வரும். பார்த்துப் பயப்பட வேண்டாம், உயர்த்தினால் போதும். சாதாரண செட்டில் (போத்தலிலிருந்து கைக்கு வரும் குழாயில்) 20 துளி ஒரு மில்லிலீற்றர். அந்தக் கணக்கில் 500 மில்லிலீற்றர் இரண்டு மணி நேரத்தில் முடிய நிமிடத்துக்கு 83 துளி, நான்கு மணி நேரத்துக்கு 42. கையில் மணிக்கூடு இருந்தால் நீங்களே எண்ணிப் பாருங்கள். ‘அரை மணியில் முடித்துத் தருகிறேன்’ என்பவர் அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருக்கிறார். மக்னீசியம் வேகமாக இறங்கினால் உடம்பு முழுதும் சூடு பரவும், பிரஷர் விழும், தலை சுற்றும்.

கொழுவிவிட்டுப் போய்விடுபவர் வேண்டாம். கடைசித் துளிவரை பக்கத்தில் இருக்க வேண்டும், பையில் கடுமையான ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் ஊசி மருந்து இருக்க வேண்டும். ஊறல், தடிப்பு, தொண்டை இறுகல், மூச்சு முட்டல் வந்தால் டிரிப்பை நிறுத்தி, வயது வந்தவருக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராமைத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போட்டுவிட்டு 1990ஐ அழைக்க வேண்டும். மேட்டுத் தோட்டங்களுக்கு அம்பியுலன்ஸ் ஏறிவர நேரம் எடுக்கும் என்பதால், மற்ற ஊர்களைவிட மலையகத்தில் இருக்கும் நமக்கு இது முக்கியம். அனுப்பும் வைத்தியரின் மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தையும், 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் அந்த நிலையம் பதிவானதா என்பதையும் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

அம்மாவுக்கு 48 வயது, கொழுந்து பறிக்கிறார். எந்நேரமும் அசதி. மாதம் ஒருமுறை டிஸ்பென்சரியில் சேலைன் ஏற்றினால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறார். தொடரலாமா?
– வாசகர், ஹட்டன்

அந்தக் காசை முதலில் ஓர் இரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

இரண்டு நாள் நன்றாக இருப்பது பொய்யில்லை. மலையில் கழிப்பறை இல்லாததால் பகல் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஏராளம். வற்றிய உடம்புக்கு அரை லீற்றர் தண்ணீர் எந்த வழியில் போனாலும் தெம்புதான். இரண்டு மணி நேரம் படுத்திருப்பதும் அவருக்கு வேறு நாளில் கிடைக்காத ஓய்வு. குளுக்கோஸ் போத்தல் என்றால், 5 சதவீதக் கரைசல் 500 மில்லிலீற்றரில் 25 கிராம் குளுக்கோஸ், ஏறக்குறைய ஐந்தாறு தேக்கரண்டி சீனி. விட்டமின் டிரிப்பின் கதையும் இதற்குக் கிட்டத்தான். தசைவலி நோயாளர் 34 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், விட்டமின் கலவை ஏறியவர்களும் வெறும் கரைசல் ஏறியவர்களும் ஒன்றுபோல ‘குணம்’ என்றார்கள். இரு தரப்புக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அம்மாவுக்கு ஹீமோகுளோபின் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழ் என்றால் இரத்தசோகை. கூடவே சீனியும் தைரொயிட்டும் பார்ப்பது நல்லது. மாதவிடாய் அதிகமா என்றும் கேளுங்கள். இந்த வயதில் பல பெண்கள் அதைச் சொல்லவே மாட்டார்கள். இரும்புச்சத்துக் குறைவு என்றால் மாத்திரையே போதும். வெறும் வயிற்றில், தேசிக்காய்த் தண்ணீரோடு எடுக்கலாம். மலம் கறுப்பது வழமை. ஹீமோகுளோபின் கூடியபின்னும் இரண்டு மூன்று மாதம் மாத்திரையைத் தொடராவிட்டால் பழைய இடத்துக்கே வந்து நிற்பார். அத்தோடு, சோற்றோடும் மாத்திரையோடும் பிளேன்டீ வேண்டாம். தேயிலையின் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். தேயிலைத் தோட்டத்தில் இதைச் சொல்வது சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் முடியாது.

மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் இரும்பை நரம்பில் ஏற்றலாம், வைத்தியசாலையில் மட்டும். வீட்டில் ஒருபோதும் வேண்டாம்.

டிரிப் ஏறும்போது கை விறைத்து வலிக்கிறது, நடுக்கமும் வருகிறது. எங்கள் ஊர்க் குளிர்தான் காரணமா?
– வாசகி, நுவரெலியா

பாதி ஆம். இரவு முழுதும் குளிர்ந்த அறையில் கிடந்த போத்தலை அப்படியே ஏற்றினால் நரம்பு சுருங்கும், முழங்கை வரை விறைக்கும். போத்தலைச் சில மணி நேரம் வெதுவெதுப்பான அறையில் வைத்திருந்தால் போதும். கொதிநீரிலோ மைக்ரோவேவிலோ வைக்கக் கூடாது, ஓரிடம் மட்டும் கொதித்திருக்கும். குத்துவதற்கு முன் கையைச் சூடான துணியால் சில நிமிடம் சுற்றினால் ஒளிந்திருக்கும் நரம்பும் எழும்பும்.

மற்றப் பாதி ஆபத்தானது. ஏற்றத் தொடங்கிச் சிறிது நேரத்தில் பல் கிட்டும் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால், கிருமியோ அதன் நஞ்சோ உள்ளே போயிருக்கலாம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏற்றி முடிக்கப் பார்க்காதீர்கள். உடனே அடைத்துவிட்டு, போத்தலையும் செட்டையும் எறியாமல் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசிக்கு மேலே தோல் வெளிறி, குளிர்ந்து, வீங்கினால் நீர் சதைக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். கழற்றிவிட்டுக் கையை உயர்த்தி வைக்க வேண்டும். மறுநாள் நரம்போடு சிவந்து கயிறு போல் தடித்தால் சூட்டு ஒத்தடம் கொடுக்கலாம். சீழோ காய்ச்சலோ வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

எங்கள் விடுதிக்கு வரும் வெளிநாட்டவர் மறுநாள் காலையில் ‘ஹேங்ஓவர் டிரிப்’ கேட்கிறார்கள். ஒழுங்கு செய்து கொடுக்கலாமா?
– விடுதி நடத்துநர், எல்ல

மதுவை ஈரல் தன் வேகத்தில்தான் கரைக்கும், எந்த டிரிப்பும் அதைத் துரிதப்படுத்தாது. நீர் வற்றல்தான் பிரச்சினை என்றால் ஜீவனி (நீர் வற்றலுக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) பொதி ஒன்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுதாகக் கரைத்து, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். பொதியைப் பாதி பாதியாகக் கரைக்க வேண்டாம், உப்பின் அளவு பிசகிவிடும். நாட்கணக்கில் சாப்பிடாமல் குடிப்பவருக்கு விட்டமின் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளையே பாதிக்கப்படலாம். இது நம் ஊர்க் குடிகாரருக்கும் பொருந்தும். குழப்பமான பேச்சு, இரத்த வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் டிரிப்காரரை அல்ல, 1990ஐ அழையுங்கள்.

கல்யாணத்துக்கு முன் நிறம் கூட குளுட்டதயோன் ஏற்றலாமா?
– வாசகி, கண்டி

வேண்டாம். பிலிப்பைன்ஸின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2011இலேயே இந்த ஊசி பற்றி எச்சரித்தது. சிறுநீரகப் பாதிப்பும், தோல் கொப்பளித்து உரியும் கடுமையான ஒவ்வாமையும் அதில் சொல்லப்பட்டவை.

கணவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் சேலைன் ஏற்றலாமா?
– வாசகி, மஸ்கெலியா

கூடாது. மூன்றாம் நாள் என்றால் இன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் இரத்தக் குழாய் கசியத் தொடங்கும். அப்போது கணக்கில்லாமல் ஏற்றும் நீர் நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கி மூச்சை அடைக்கும். வைத்தியசாலையில் மணிக்கு மணி அளந்து கொடுப்பது அதனால்தான். பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள்; டைக்ளோபெனக், இபுபுரொபென், அஸ்பிரின் வேண்டாம்.

ஏற்றி முடித்த ஊசியையும் குழாயையும் என்ன செய்வது?
– வாசகர், தலவாக்கலை

கொண்டுவந்தவரே கொண்டுபோக வேண்டும், அதற்கென ஒரு கடினமான பெட்டியோடு வர வேண்டும். மறந்து விட்டுப் போனால், தடித்த பிளாஸ்டிக் போத்தலில் ஊசியை மூடி போடாமல் அப்படியே இட்டு, போத்தலை இறுக்கித் திருகி அவரிடமே திருப்பிக் கொடுங்கள். ஊசிக்கு மறுபடி மூடி போடும்போதுதான் அதிகம் பேருக்குக் குத்துகிறது. கானிலும் தேயிலைச் செடிக்குள்ளும் எறிந்தால் கொழுந்து பறிக்கிறவர் கையில்தான் ஏறும். அடுப்பில் போட்டால் குழாய் நச்சுப் புகை கக்கும். யாருக்காவது குத்திவிட்டால் பிழியாமல், ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன் தரும்.