வாசகர் கேள்வி: பசுங்கணிகத்தின் அரிய லிப்பிடுகள்

கேள்வி: ஆறாம் படிவத்தில் உயிரியல் படிக்கிறேன். பசுங்கணிகத்தில் சமிக்ஞை கடத்தும் லிப்பிடுகள் (கொழுப்பு வகைப் பொருள்கள்) மிகச் சொற்பம் என்று அறிந்தேன். இலையை அப்படியே அரைத்து அவற்றை அளக்க முடியாதா? எங்கள் தோட்டத்துச் செம்பனை ஓலை இதற்கு உதவுமா?
– ஒரு மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: அரைத்தால் ஓர் அளவு கிடைக்கும்; அது பசுங்கணிகத்துக்கு உரியதா என்பது தெரியாது. பசுங்கணிகச் சவ்வுகளில் பெரும்பங்கு, சர்க்கரை இணைந்த கேலக்டோலிப்பிடுகளே. சமிக்ஞை லிப்பிடுகளில் ஒரு வகையான பாஸ்போஇனோசிடைடுகளோ செல்லின் பிளாஸ்மா சவ்விலும் இருப்பதால், அச்சவ்வின் சிறு துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தாலும் கணக்கு தவறிவிடும். ஆகவே பெர்கால் என்னும் நுண்சிலிக்காத் துகள் கரைசலில் மையவிலக்குக் கருவியால் சுழற்றி உடையாத பசுங்கணிகங்களை மட்டும் பிரித்தெடுத்து, பிற சவ்வுகளுக்கே உரிய புரதங்கள் அவற்றில் கலந்திருக்கின்றனவா என்று எதிர்ப்பொருள்களால் சோதிப்பார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் நொதிகளால் வருவது. இலை கசங்கியதுமே பாஸ்போலிப்பேஸ் டி என்ற நொதி, சவ்வு லிப்பிடான பாஸ்பாடிடைல்கோலினை வெட்டிப் பாஸ்பாடிடிக் அமிலமாக்கத் தொடங்கும். நாம் தேடும் சமிக்ஞை லிப்பிடுகளில் அந்த அமிலமும் ஒன்று. முழு இலையை 75 டிகிரி செல்சியஸ் சூட்டிலுள்ள ஐசோபுரோப்பனாலில் போட்டால் நொதி செயலிழக்கும், ஆனால் வெந்த இலையிலிருந்து பசுங்கணிகத்தை முழுதாக எடுக்க இயலாது. எனவே பிரித்தெடுக்கும் வேலையைப் பனிக்குளிரில் விரைந்து முடிப்பதோடு, அதே இலையின் மற்றொரு பகுதியைச் சூடான ஐசோபுரோப்பனாலிலும் இட்டு, இரண்டையும் ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீடு இல்லாத பாஸ்பாடிடிக் அமில அளவுகளை நான் ஐயத்தோடுதான் பார்ப்பேன்.

குளோரோபார்ம், மெத்தனால் கலவையால் லிப்பிடைப் பிரிக்கும் முறையை பிளை, டயர் என்ற ஆய்வாளர்கள் 1959இல் வெளியிட்டனர். பாஸ்பேட்டு மிகுந்த பாஸ்போஇனோசிடைடுகள் அதில் நீர்ப்பகுதியிலேயே தங்கிவிடக்கூடும் என்பதால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ப்பார்கள். செடியில் இயல்பாகக் காணப்படாத, 17 கார்பன் கொழுப்பு அமிலம் கொண்ட லிப்பிடு ஒன்றைத் தெரிந்த அளவில் தொடக்கத்திலேயே கலந்துவிட்டால், வழியில் நேரும் இழப்பை நிறைநிறமாலைமானியின் (மூலக்கூறுகளை நிறைப்படி பிரித்து அளக்கும் கருவி) அளவீட்டில் ஈடுசெய்யலாம். முடிவை ஒரு மில்லிகிராம் பச்சையத்துக்கு இவ்வளவு என்று குறிப்பது வழக்கம்.

செம்பனை ஓலை வேண்டாம். நார் மிகுந்தது, அதன் பீனால் சேர்மங்களும் பசுங்கணிகத்தைக் கெடுக்கும். பாசாரில் கிடைக்கும் தண்டுக்கீரை மென்மையானதுதான், ஆனால் அது சி4 வகைச் செடி, அதாவது ஒளிச்சேர்க்கையை இருவகைச் செல்களில் பகிர்ந்து செய்யும் செடி. அதில் இருவகைப் பசுங்கணிகங்கள் இருப்பதால் தொடக்கநிலைச் சோதனைக்கு ஏற்றதல்ல. கடைப் பட்டாணியை முளைக்கவிட்டு, அந்த இளஞ்செடிகளைப் பறிப்பதற்கு முன் ஓர் இரவு இருட்டில் வையுங்கள்: மாவுச்சத்து குறைந்துவிடும், சுழற்றும்போது அதன் மணிகள் பசுங்கணிகத்தின் உறையைக் கிழிக்காது.