எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து நீதிபதி ஃபிராங்க் ஜான்சனை ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்தீர்கள். அதன்பிறகு தேடித் தேடி வாசித்தேன். மனசாட்சிக்காகச் சட்டத்தையே வளைத்த மாவீரர் என்று தோன்றுகிறது. கறுப்பர்களைப் பிரித்தே வைக்கவேண்டும் என்று நின்ற ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் அவருடைய வகுப்புத் தோழராமே? இவ்வளவு செய்தவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போகாதது உங்களுக்கு வருத்தமாக இல்லையா? நானும் நீதிபதித் தேர்வு எழுத நினைக்கிறேன். விசாரணை நீதிமன்றத்தில் உட்கார்ந்து ஒருவர் எவ்வளவுதான் செய்துவிட முடியும்?

சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

அன்புள்ள தம்பி,

வகுப்புத் தோழர்தான். அலபாமா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி. அதை வைத்துச் சினிமா எடுக்கலாம், வேறு பயன் இல்லை.

'சட்டத்தை வளைத்த மாவீரர்' என்றீர்களே, அதுதான் உட்கார்ந்து எழுத வைத்தது. தேடித் தேடி வாசித்ததாகச் சொல்கிறீர்கள். அவருடைய உத்தரவு ஒன்றையாவது வாசித்தீர்களா? வாசித்திருந்தால் அந்த வார்த்தை வந்திருக்காது.

அலபாமாவின் டஸ்கீகி நகரத்தில் கறுப்பர்களின் ஓட்டை நகரத்துக்கு வெளியே தள்ளுவதற்காக, சதுரமாக இருந்த நகர எல்லையை 28 பக்கங்கள் கொண்ட உருவமாக வெட்டினார்கள். தனக்கு அதிகாரமில்லை என்று அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தவர் உங்கள் மாவீரர்தான். 1960 இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 1965 மார்ச் 7 அன்று, கறுப்பர்களின் ஓட்டுரிமைக்காகச் செல்மா ஊரிலிருந்து மாநிலத் தலைநகர் மான்ட்காமரிக்கு ஊர்வலமாகக் கிளம்பியவர்கள்மேல் செல்மா பாலத்தில் போலீஸ் அடி விழுந்தது. ஊர்வலக்காரர்கள் உடனே ஜான்சனிடம் வந்து, எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே உத்தரவு கேட்டார்கள். கொடுக்கவில்லை. விசாரணை முடியும்வரை ஊர்வலமே போகக்கூடாது என்று தடை போட்டார்.

அதற்கு முன்பு, 1959 இல், வாலஸ் மாநில நீதிபதியாக இருந்தபோது வாக்காளர் பதிவேடுகளை மத்திய அரசின் ஆணையத்திடம் காட்டமாட்டேன் என்று முழங்கினார். காட்டும்படி ஜான்சன் உத்தரவிட்டார். அதை மீறியதாக அவமதிப்பு வழக்கும் அவரிடமே வந்தது. வாலஸோ ஓசையில்லாமல் கிராண்ட் ஜூரிகள் (வழக்குத் தொடர முகாந்திரம் உண்டா என்று பார்க்கும் குடிமக்கள் குழுக்கள்) வழியாகப் பதிவேடுகள் போய்ச்சேர ஏற்பாடு செய்திருந்தார். ஜான்சன் அவரை விடுதலை செய்தார்: சுற்றுவழியில் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்துவிட்டார் என்று எழுதிவைத்து. சிறைக்குப் போய்த் தியாகி ஆகத் தயாராக இருந்த மனிதருக்கு வேறு தண்டனை எதற்கு?

எவ்வளவுதான் செய்ய முடியும் என்று கேட்கிறீர்கள். ஜூரி இல்லாத வழக்கில் அங்கே மத்திய அரசின் மாவட்ட நீதிபதி (ஜான்சனின் பதவி அதுதான்) தீர்ப்பை இரண்டு பகுதியாக எழுதவேண்டும். என்ன நடந்தது என்பது ஒன்று, சட்டம் என்ன என்பது இன்னொன்று. சட்டத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் தன் இஷ்டப்படி திருத்தும். நடந்தது என்ன என்று அவர் எழுதியதை, அப்பட்டமான பிழை என்று காட்டினாலொழிய தொட முடியாது. சாட்சியின் முகத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தானே.

இன்னொரு விதி: தடையாணை என்றால் யார் எதைச் செய்யவேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று அந்தத் தாளிலேயே இருக்கவேண்டும். 'மனுவில் கேட்டபடி' என்று எழுதித் தப்ப முடியாது. காரணம் எளிது. 'நியாயமாக நடந்துகொள்க' என்ற உத்தரவை மீறியதாக யாரையும் அவமதிப்பில் பிடிக்க முடியாது.

செல்மாவில் அதைத்தான் செய்தார். நீங்கள் எப்படி நடக்கப்போகிறீர்கள் என்று ஊர்வலக்காரர்களிடம் எழுத்தில் திட்டம் வாங்கினார்: எந்தச் சாலை, இரவில் எங்கே தங்கல், சாப்பாடு, லாரியில் கழிப்பறை, குப்பை அள்ள ஆள், ஆம்புலன்ஸ். அதன்பிறகு மார்ச் 17 அன்று உத்தரவு. நான்கு வழிச் சாலையில் எத்தனை பேரும் போகலாம். வழியில் உள்ள லௌண்டஸ் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இரண்டு வழியாகக் குறுகும் இடத்தில் 300 பேருக்கு மேல் கூடாது. வாலஸ் தரப்பு தடுக்கக்கூடாது, பாதுகாப்பும் தரவேண்டும்.

ஆனால் நீங்கள் படிக்கவேண்டியது செல்மா அல்ல. டஸ்கலூசாவில் இருந்த பிரைஸ் மனநல மருத்துவமனை வழக்கு. 1970 இல் சிகரெட் வரி வருமானம் குறைந்ததால் 99 ஊழியர்களை வேலையைவிட்டு அனுப்பினார்கள், அதிலிருந்து கிளம்பியது. சுமார் 5,000 நோயாளிகள். அவர்களுக்கு நேரடியாகச் சிகிச்சை தர ஒரு உளவியல் நிபுணர், மனநலப் பயிற்சி ஓரளவு பெற்ற மூன்று டாக்டர்கள், இரண்டு சமூகப் பணியாளர்கள். சாப்பாட்டுக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு 50 சென்டுக்கும் குறைவு. கட்டாயமாக அடைத்துவைத்தால் சிகிச்சை தரவேண்டும், அது அரசியலமைப்பு உரிமை என்று 1971 இல் சொன்னார். சொல்லிவிட்டு அரசுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார். ஒன்றும் உருப்படியாக நடக்கவில்லை. நிபுணர்களை அழைத்துக் கேட்டு, இரு தரப்பும் பெரும்பாலும் ஒத்துக்கொண்ட அளவுகளை 1972 ஏப்ரலில் உத்தரவின் இணைப்பாகப் போட்டார்.

அந்த இணைப்பில் இலக்கியம் கிடையாது. ஓர் அறையில் ஆறு பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 80 சதுர அடி. எட்டுப் பேருக்கு ஒரு கழிப்பறை, 15 பேருக்கு ஒரு குளியலிடம். 250 நோயாளிகளுக்கு இரண்டு மனநல மருத்துவர், நான்கு டாக்டர், 12 பதிவுபெற்ற நர்ஸ். வெந்நீர் குழாயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்.

வெந்நீர்ச் சூடு நீதிபதிக்கு எதற்கு என்று சிரிக்காதீர்கள். அதே வழக்கில் சேர்ந்திருந்த பார்ட்லோ என்ற மனவளர்ச்சி குன்றியோர் காப்பகத்தில் ஒருவர்மேல் இன்னொருவர் கொதிநீரைக் குழாயால் பீய்ச்சி, அவர் இறந்துபோனது சாட்சியத்தில் இருந்தது. 'மனிதாபிமானச் சூழல் வேண்டும்' என்று எழுதினால் மருத்துவமனை ஆமாம் என்று தலையாட்டும். 110 என்று எழுதினால் தெர்மாமீட்டரோடு ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பார்ப்பதற்கென்றே குழுக்களையும் அமைத்தார்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பணமில்லை என்பது சாக்கு ஆகாது என்று நீதிபதி சொல்லலாம். வரி போட அவரால் முடியாது. சட்டமன்றம் இழுத்தது. 1979 இல் ஜான்சன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போய்விட்டார். வழக்கு வேறு கைகளுக்கு மாறி, 2003 டிசம்பரில்தான் முடிந்தது. அவர் இறந்தது 1999 இல்.

தேர்வு தாராளமாக எழுதுங்கள், உங்கள் கடிதத்தில் அக்கறை தெரிகிறது. அதற்குமுன் அந்த இணைப்பை எடுத்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் குறியுங்கள்: இது நடந்ததா என்று யார், எதை வைத்துப் பார்ப்பார்? பிறகு உங்கள் ஊர் விடுதி ஒன்றுக்கு அதேபோல் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். 'உரிய', 'போதுமான', 'தகுந்த' என்ற மூன்று சொற்களும் அதில் இருக்கக்கூடாது.